ஒற்றைப் புள்ளியின் அருமை

(சங்க ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற விளையாட்டுப் பரிசளிப்பின்போது ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்துள்ளனர். விளையாட்டு உடலை வளர்க்கும், உள்ளத்தை உயர்த்தும், ஒற்றுமையைப் பெருக்கும் என்பனவெல்லாம் நீங்கள் பன்முறை கேட்டவை. மீண்டும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க நாம் விரும்பவில்லை. ஆதலின் மிகச் சிறிய பொருள் ஒன்றையே இன்று எடுத்துக்கொள்கின்றோம். ஓர் ஆட்டத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய ஆதாயம், அதாவது ஒற்றைப் புள்ளி, அதனைப் பெறுவதற்கென்று தனியே பயிற்சி செய்ய வேண்டுமா என்பதே அப்பொருள். வேண்டும் என்பது நமது துணிபு.

முதலில் கடல் கடந்த விளையாட்டு ஒன்றைக் காட்டிவிட்டுப் பிறகு நமது கபடிக் களத்திற்கு வருவோம். அவ்விளையாட்டு ரக்பி. பாண்டுப்பிலிருந்து மின்சார வண்டியில் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் வரை சென்று இறங்கி, ஆசாத் மைதானத்தை அடுத்துள்ள பம்பாய் ஜிம்கானாவின் பக்கமாக நடந்து செல்வோர், முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு இளைஞர்கள் ஓடுவதைச் சில நாட்களில் கண்டிருக்கலாம். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நமது மும்பையின் அந்தேரி விளையாட்டு அரங்கிலேயே ரக்பி பிரீமியர் லீக் முதன்முறையாக நடைபெற்றது. அதில் வாகை சூடியது சென்னை புல்ஸ் என்னும் அணி. ஆகவே ரக்பி நமக்கு முற்றிலும் அந்நியமான சொல் அன்று.

இந்த ரக்பியில் பிரிவுகள் உண்டு. 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபகுதியைச் சேர்ந்த சங்கங்கள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்தன. பிரிந்த காரணம் நம்மைப் போன்ற உழைக்கும் மக்களுக்கு நன்கு விளங்கும். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஆட்டத்திற்காக வேலையை விட்டு வந்தால் அந்நேரத்துக் கூலி போய்விடும். அக்கூலியை ஈடு செய்ய வேண்டும் என்றனர் வடபகுதியார். கூடாது என்றனர் மேலிடத்தார். அப்பிரிவிலிருந்து வளர்ந்ததே பதின்மூவர் ஆடும் ரக்பி லீக்.

ரக்பி லீக்கில் எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய் ஊன்றினால் 4 புள்ளிகள். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள். இவற்றோடு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது எழும்பும் கணத்திலேயே உதைத்துக் குறுக்குக் கம்பத்திற்கு மேலாகச் செலுத்தலாம். அதற்குப் பெயர் டிராப் கோல். அதற்குப் பொதுவாகக் கிடைப்பது 1 புள்ளிதான்.

நான்கும் இரண்டும் இருக்கும்போது ஒன்றை யார் பொருட்படுத்துவார் எனத் தோன்றும். ஆயினும் கணக்கைப் பாருங்கள். ஒரு முறை ஊன்றி ஒரு முறை உதைத்தால் ஆறு. ஆறு புள்ளி முன்னணியில் இருக்கும் அணியை எதிரி ஒரே பாய்ச்சலில் எட்டிப் பிடித்துவிடலாம். அந்த ஆறோடு ஒன்று சேர்ந்து ஏழாகிவிட்டால் ஒரு பாய்ச்சல் போதாது. இரண்டாம் முறையும் வர வேண்டும். இரு அணிகளும் சமமாக நின்று, அடுத்த புள்ளி எடுப்பவரே வென்றவர் என்னும் நிலை வந்தாலோ, நான்கும் ஒன்றும் ஒரே மதிப்புடையவை ஆகிவிடுகின்றன.

2022ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடைபெற்ற ரக்பி லீக் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் இங்கிலாந்து அணி சமோவா அணியை 60க்கு 6 என்று நசுக்கியது. சமோவா பசிபிக் கடலில் உள்ள சிறு தீவு நாடு. அதன் அணியில் இருந்தோர் பலர், பிழைப்பை நாடி ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். நம் பிள்ளைகளைப் போன்றவர்கள் என்றே சொல்லலாம். முதல் நாள் தோல்வியால் அவர்கள் மனம் ஒடிந்துவிடவில்லை. நவம்பர் 12ஆம் நாள் லண்டனில் அரையிறுதி. எதிரி அதே இங்கிலாந்து. ஆட்ட நேரம் முடிந்தபோது இரு பக்கமும் 26. கூடுதல் நேரம் தொடங்கியது. ஸ்டீபன் கிரைட்டன் என்ற இளைஞர் பந்தைத் தரையில் விட்டு உதைத்தார். அது கம்பங்களுக்கிடையே பறந்தது. சமோவா 27, இங்கிலாந்து 26. அந்நாடு முதன்முறையாக இறுதி ஆட்டத்திற்குச் சென்றது. ஐம்பத்து நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றவர்கள் ஒரே ஒரு புள்ளியால் வென்றனர்!

இத்தகைய உதையை யாரும் அந்நேரத்தில் புதிதாகக் கண்டுபிடித்து உதைத்துவிட முடியாது. தோழர்கள் பந்தைக் கம்பங்களுக்கு நேராகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். உதைப்பவன் பின்னே தக்க தூரத்தில் நிற்க வேண்டும். பந்து அவன் கைக்குச் சரியாக வர வேண்டும். எதிரிகள் பாய்ந்து வந்து மறைக்கும் முன்னர் உதைத்தாக வேண்டும். பதினைவர் ஆடும் மற்றொரு ரக்பியில் 2003ஆம் ஆண்டு சிட்னி நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் இத்தகைய உதையினால்தான் ஆஸ்திரேலியாவை 20க்கு 17 என்று வென்று தந்தார். அவர் இடக்கால் ஆட்டக்காரர். அன்று வெற்றி தந்ததோ வலக்கால்! மணிக்கணக்கில் தனியே நின்று உதைத்துப் பழகுபவர் என்று பெயர் பெற்றவர் அவர். பழக்கப்படாத காலை அந்த நெருக்கடியில் எவன் நம்புவான்?

அன்பர்களே! இனி நமது களத்திற்கு வருவோம். தமிழகத்தில் சடுகுடு என்றும், மராட்டியத்தில் ஹுதுது என்றும், இன்று உலகெங்கும் கபடி என்றும் வழங்கும் ஆட்டத்திலும் இதற்கு நேரான ஒரு புள்ளி உண்டு. அதுவே போனஸ் புள்ளி. தாய்மார்களும் அறிந்துகொள்ளும் பொருட்டு அதனைச் சற்று விளக்குகின்றோம்.

ஆண்கள் ஆடும் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு அதனை இரண்டாகப் பிரிக்கின்றது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் பால்க் கோடு. அதற்கு அப்பால் 1 மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. பாடிச் செல்பவர் 30 விநாடிக்குள் திரும்பியாக வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, அவர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, அவ்வேளையில் மற்றக் காலைத் தரையில் படாது தூக்கி வைத்திருந்தால், யாரையும் தொடாமலே 1 புள்ளி கிடைக்கும்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. கோடு இருப்பது எதிரிகளின் நடுவே. முன்காலை நீட்டியவுடன் உடலின் பாரம் முழுவதும் அதன்மேல் விழுகின்றது. பின்காலோ அந்தரத்தில் நிற்கின்றது. அந்த அரை விநாடிக்காகத்தான் மூலையில் நிற்பவன் காத்திருக்கின்றான். கணுக்காலைப் பற்றினான் என்றால் மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கிவிடுவர். போனஸ் எடுத்தபின் பிடிபட்டால், எடுத்த புள்ளி நிற்கும். ஆனால் எதிரிக்கும் ஒன்று போகும், நம் ஆளும் வெளியேற வேண்டும். ஆகவே கோட்டைத் தாண்டுவது பாதி வேலை. மீண்டு வருவது மறுபாதி.

நம் காலனிப் பிள்ளைகள் மாலையில் ஆடுவதைப் பலகாலும் கண்டு வருகின்றோம். பாய்ந்து தொடுவதிலும், தொடையைப் பற்றித் தூக்குவதிலும், சங்கிலியாகக் கைகோத்து மடக்குவதிலும் அவர்களுக்குள்ள ஆர்வம் பாராட்டத்தக்கது. போனஸ் கோட்டுக்கெனத் தனியே பழகுவோரை மட்டும் காணோம். களத்தில் அக்கோட்டைச் சுண்ணாம்பால் போடுவதும் பல நாள் இல்லை. காரணம் விளங்காமல் இல்லை. மூவரைச் சாய்த்துக்கொண்டு திரும்பினால் மாடியில் நிற்பவர்கூடக் கைதட்டுவார். ஒரு காலை நீட்டிவிட்டுத் திரும்பினால் யார் கைதட்டுவார்? கைதட்டல் கிடைக்கும் வேலையைத் தாமே பழகுவர். கைதட்டல் இல்லாத வேலையைப் பிறர் வற்புறுத்தினால்தான் பழகுவர். அப்படி வற்புறுத்துவதற்காகவே இன்று இவ்வளவு பேசுகின்றோம்.

ஒரு புள்ளியால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்க்கு விடை நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கின்றது. 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டில் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. அன்று முதல் 2014 வரை நடந்த ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே உரியதாயிற்று. இவற்றுள் 1994இல் ஹிரோஷிமாவில் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். 2025இல் வெளிவந்த ‘பைசன்’ திரைப்படம் அவர் வாழ்வைத் தழுவியது என்பதை இளைஞர்கள் அறிவர். இத்துணைப் பெருமை வாய்ந்த இந்திய அணி 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் தென்கொரியாவிடம் தோற்றது. ஆசிய விளையாட்டுக் கபடியில் இந்திய ஆடவர் கண்ட முதல் தோல்வி அது. புள்ளிக் கணக்கு என்ன? 23க்கு 24. ஒரே ஒரு புள்ளி! அரையிறுதியில் ஈரானிடமும் தோற்று, வெண்கலத்தோடு திரும்பினர்.

கொரியாவிடம் தவறிய அந்த ஒரு புள்ளி எந்த நிமிடத்தில் தவறியது என்று எவரும் சுட்டிக்காட்ட முடியாது. நாற்பது நிமிட ஆட்டத்தில் எந்த இடத்திலும் அது கிடைத்திருக்கக்கூடும். ஒற்றைப் புள்ளியின் இயல்பே அதுதான். கிடைக்கும்போது அதன் விலை தெரிவதில்லை. மணி அடித்த பிறகே தெரிகின்றது.

இதே ஒரு புள்ளி நமக்கு வாழ்வளித்ததும் உண்டு. 2018இல் நம் மகளிர் அணி இறுதி ஆட்டத்தில் ஈரானிடம் 24க்கு 27 என்று தங்கத்தை இழந்திருந்தது. அடுத்த ஆசிய விளையாட்டு 2023ஆம் ஆண்டு சீனத்தின் ஹாங்சோ நகரில் நடைபெற்றது. முதல் ஆட்டத்தில் எதிர்ப்பட்டது சீன தைபே அணி. 34க்கு 34 என்று சமநிலையில் முடிந்தது. அக்டோபர் 7ஆம் நாள் இறுதி ஆட்டத்திலும் அதே அணியே எதிரே நின்றது. முடிவு, இந்தியா 26, சீன தைபே 25. அந்தத் தங்கம் அவ்விளையாட்டு விழாவில் இந்தியா பெற்ற நூறாவது பதக்கம். ஒரு நாட்டின் நூறாவது பதக்கத்தின் நிறம் வெள்ளியா தங்கமா என்பதை ஒரு புள்ளி தீர்த்தது என்றால், அதனைச் சிறிது என்று இகழ்வார் உண்டோ?

நம் மும்பையின் எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுவோம். யூ மும்பா அணி 2015ஆம் ஆண்டில் பெங்களூரு புல்ஸ் அணியை 36க்கு 30 என்று வென்று புரோ கபடிக் கோப்பையைக் கைப்பற்றியது. அதன் தலைவர் அனூப் குமார். 2016இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணிக்கும் அவரே தலைவர். போனஸ் புள்ளி எடுப்பதில் அவர் பெரும்பெயர் பெற்றவர். ஆர்ப்பாட்டம் இல்லை, அவசரம் இல்லை. கோட்டருகே உலவுவார், எதிரி இமைக்கும் நேரத்தில் காலை வைத்து எடுப்பார், திரும்பி வருவார். அந்த அமைதி பழக்கத்தின் பயன்.

ரெயில்வேயில் பணிபுரிவோர்க்கு ஒரு சொல் நன்றாகப் பழக்கம். ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்கு வண்டியைத் திருப்பும் இடத்தை ‘பாயிண்ட்’ என்கின்றோம். அங்கே தண்டவாளத்தின் நாக்கு நகர்வது சில அங்குலம்தான். ஆயினும் ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து வரும் வண்டி எந்தத் தடத்தில் செல்லும் என்பதை அந்தச் சில அங்குலமே முடிவு செய்கின்றது. அந்த நாக்கைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ள முறையாக எண்ணெயிட்டுச் சோதிக்கின்றார்கள். வண்டி வரும்போது எண்ணெய் தேடுவோர் இலர். விளையாட்டின் பாயிண்டும் அத்தகையதே.

இனி, எவ்வாறு பழகுவது? நமக்குத் தோன்றுவதைக் கூறுகின்றோம். குறை இருப்பின் ஆட்டம் அறிந்த அன்பர்கள் திருத்துக.

முதலாவது, களம் போடும்போது போனஸ் கோட்டையும் அளந்து போடுக. குத்துமதிப்பாகப் போட்ட கோட்டில் பழகிய கால், அளந்த களத்தில் நான்கு விரல் குறையும். அந்த நான்கு விரலே ஒரு புள்ளி.

இரண்டாவது, பயிற்சியின் தொடக்கத்தில் அன்று, முடிவில் பழகுக. இப்புள்ளி தேவைப்படுவது கடைசி நிமிடங்களில். அப்போது மூச்சு வாங்கும், தொடை நடுங்கும். களைத்த காலுக்குப் பழக்கம் ஏற்றுவதே நோக்கம். ஒவ்வொருவரும் இடக்காலால் பத்து முறை, வலக்காலால் பத்து முறை எட்டி மீள்க.

மூன்றாவது, வெறுங்களத்தில் பழகினால் போதாது. ஆறு பேரை எதிரே நிறுத்துக. அவர்கள் உண்மையாகவே பிடிக்க முயல்க. பாடுபவர்க்குக் கால் பழகும்போதே மூலையில் நிற்பவர்க்குக் கணுக்கால் பிடியும் பழகும். ஒரே நேரத்தில் இரு பயன்.

நான்காவது, ஒருவர் நடுவராக நின்று பின்கால் எழுந்ததா என்று மட்டும் பார்க்க. தோழமைக்காகப் புள்ளி கொடுப்பவர் பகைவனைவிடத் தீங்கு செய்கின்றார். எத்தனை முயற்சி, எத்தனை வெற்றி என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்வாரியாக எழுதுக. மாதம் கழித்துப் புரட்டினால் யாரை எந்த நெருக்கடியில் அனுப்பலாம் என்பதை அப்புத்தகமே சொல்லும்.

ஐந்தாவது, காலம் அறிதல். எப்போதும் ஒற்றைப் புள்ளியையே நாடுக என்று நாம் கூறவில்லை. பத்துப் புள்ளி பின்தங்கிய அணி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்; அப்போது துணிந்து பாய வேண்டியதே. எதிரே ஐவர் மட்டும் நின்றால் போனஸ் என்பதே இல்லை. தொழில்முறைப் போட்டிகளில் இரு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். அத்தகைய முறையிலும், ஒன்றிரண்டு புள்ளி முன்னணியில் நிற்கும் கடைசி நிமிடங்களிலும் இதன் அருமை தெரியும். ஆட்டம் சமமாக முடிந்து முடிவு காண ஐந்தைந்து முறை பாட நேர்ந்தால், இரு பக்கமும் எழுவரும் நிற்பர். அங்கே கோட்டை எட்டும் கால்தான் செல்வம்.

வீரம் போதாதா, இந்தக் கணக்கு எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். ஒரு பக்கம் வீரமும் மறுபக்கம் கோழைத்தனமும் இருந்தால் வீரமே போதும். இரு பக்கமும் வீரர் நிற்கும்போது வீரத்தோடு வீரம் கழிந்துவிடுகின்றது, மிஞ்சுவது பழக்கம்.

வேறு சிலர், காலனிச் சங்கத்திற்கு நாடகமும் பாட்டும் பட்டிமன்றமும் போதாவோ, சுண்ணாம்புக்கும் பனியனுக்கும் பணம் ஏன் என்கின்றனர். அவர்க்கு நாம் பணிவுடன் கூறுவது இது. ரெயில்வேயில் விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கப்பட்ட வேலைகள் உண்டு. கபடியும் அவ்விளையாட்டுகளுள் ஒன்று. நாட்டுக் கபடியில் ரெயில்வே மகளிர் அணி பல்லாண்டுகள் முதலிடத்தில் விளங்கி வந்துள்ளது. தேர்வுக்கு நிற்கும் நூறு பேரும் ஓடுவர், நூறு பேரும் பிடிப்பர். தேர்ந்தெடுப்போர் கண் தேடுவது நெருக்கடியில் நிதானமாக ஒரு புள்ளி கொண்டுவரும் பிள்ளையை. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் வாழும் குடும்பத்திற்கு ஒரு நிரந்தர வேலை எத்தகையது என்பதை இந்த அவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். பதின்மூன்று வயதானதும் களத்திலிருந்து பெண்களை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கின்றது. 2025ஆம் ஆண்டில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா இருந்தார். கண்ணகி நகர், நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களுக்காக அமைந்த குடியிருப்பு. அங்கே மலர்ந்தது பாண்டுப்பில் மலராதோ? தாய்மார்களே, பெண் பிள்ளைகளுக்கும் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கொடுங்கள். அவர்கள் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். கோட்டை அதற்கேற்ப அளந்து போடுவது சங்கத்தின் பொறுப்பு.

ஆதலின் இவ்விழா மேடையில் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். வரும் ஞாயிறு முதல் காலைப் பயிற்சியின் கடைசி அரை மணியைப் போனஸ் கோட்டுக்கென்றே ஒதுக்குக. ஆண்டு முடிவில், அதிகம் பேரைச் சாய்த்தவர்க்குக் கொடுக்கும் கோப்பையோடு, நோட்டுப் புத்தகக் கணக்கின்படி ஒற்றைப் புள்ளியில் சிறந்து நின்ற ஆண் ஒருவர்க்கும் பெண் ஒருவர்க்கும் தனிப் பரிசு கொடுக்கலாம். மாடியில் நிற்கும் பெரியோர்களுக்கும் ஒரு சிறு வேலை தருகின்றோம். பிள்ளை ஒருவன் காலை நீட்டிப் புள்ளி எடுத்துக்கொண்டு ஓசையின்றித் திரும்பும்போது, அருள்கூர்ந்து கைதட்டுக!